குள்ளனுக்கு எட்டுச் செலவு

தகரப் பேணிக்குள் சின்னதாக எதையாவது போட்டு யாரும் குலுக்கினால் எனக்கு உடனே பின்னேரம் ஆகிவிடுகிறது. காலை பத்து மணியாக இருந்தாலும் சரி. ஈரக் கடதாசியும் மண்ணெண்ணெயும் மணக்கிற ஒரு பின்னேரம். சன்னலுக்கு வெளியே வாவி, தேய்த்துக் கவிழ்த்த சட்டிபோல மினுங்கிக்கொண்டு. உள்ளே ஒரு பெண்குரல்: "உருட்டப் போறீங்களா, யோசிக்கப் போறீங்களா?"

போன கிழமை கொழும்பில் தங்கையின் வீட்டில் அவளுடைய மகனும் கூட்டாளிகளும் மேசையைச் சுற்றியிருந்து அந்த விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆகப் புதிய பதிப்பு. தாயக்கட்டைகூட இல்லை. கைபேசியைத் தொட்டால் உள்ளே கட்டை உருள்கிறது. அது உருளும் சத்தத்தை எங்கோ பதிந்தெடுத்து அதற்குள் வைத்திருக்கிறார்கள். தகரத்தில் உருளுகிற அதே சத்தம். மருமகனின் வீரனுக்குப் பெயர், ஊர், சின்ன வயதுச் சோகம், கனவில் வரும் ஓநாய் எல்லாம் இருந்தன.

"உன்ட ஆள் செத்தா என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

கூடாத வார்த்தை ஏதோ சொன்னதுபோல என்னைப் பார்த்தான். "சாகாது மாமா. அப்பிடிச் சாகாது."

எங்கள் காலத்தில் செத்தோம். கதவுக்குச் செத்தோம், படிக்குச் செத்தோம், ஒருதரம் கூரையிலிருந்து சொட்டிய பச்சைக் களிக்குச் செத்தோம். ஒவ்வொரு தரமும் எங்களைச் சாகடித்தவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, "விழுந்தது விழுந்ததுதான்" என்றார்.

அவருக்குப் பெயர் இருந்தது. எழுதப்போவதில்லை. எங்களுக்கு அவர் மிஸ். வாவிக்கரையில் ஒரு சின்ன நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைகிறவர். நான் அங்கே எழுதுவினைஞன். மெர்சி தட்டெழுத்தாளர். சீனித்தம்பி அண்ணன் குளக்கட்டுகளில் அளவுகோல் பிடிக்கிற வேலையாள். பழுகாமத்திலிருந்து ஆறு கடந்து வருகிறவர். வாவியை எங்கள் ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள்.

வேலை என்று ஒன்றும் இல்லை. குளம், வாய்க்கால், வயல் வட்டை எல்லாம் மேற்கே படுவான்கரையில், அங்கே இயக்கம். கந்தோர் கிழக்கே எழுவான்கரையில், இங்கே ஆமி. நடுவில் தண்ணீர். குளத்தைக் கண்ணால் காணமுடியாத நீர்ப்பாசனக் கந்தோர் என்ன செய்யும்? காலையில் கையெழுத்து வைத்தோம். நாலேகாலுக்குப் போனோம். இடைப்பட்ட நேரத்தில் மிஸ் பென்சில் சீவினார்.

களஞ்சிய அறையில் ஒரு பெட்டி கிடந்தது. உதவித் திட்டத்துக்கு வந்து, முதல் வெடிச் சத்தத்தோடு கிளம்பிப்போன வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவர் விட்டுப்போனது. அதற்குள் மட்டை கிழிந்த மெல்லிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றும், பல முகங்களுள்ள பிளாஸ்டிக் கட்டைகளும். மிஸ் ஒரே மூச்சில் வாசித்தார். வாசித்துவிட்டு எங்கள் பெரியவரின் அறைக்குப் போனார்.

"திட்டத்தின்ட பயிற்சிப் புத்தகம், சேர். நிலத்துக்குக் கீழ வேலை செய்யிறதுக்கு."

பொய் இல்லை. அப்படித்தான் நம்பினார். கயிறு எத்தனை முழம், விளக்கெண்ணெய் எவ்வளவு நேரம் எரியும், பத்தடிக் கம்பு, இரும்பு ஆப்பு, பந்தம் பிடிக்கிற கூலிக்காரனுக்கு என்ன சம்பளம், சுரங்கத்தை எப்படிச் சதுரக் கடதாசியில் வரைவது: புத்தகத்தில் எல்லாம் இருந்தது. ஒரு நீர்ப்பாசனக் கந்தோருக்கு இதில் என்ன சந்தேகம் வரும்?

பெரியவர் பக்கங்களைத் தட்டினார். "இதென்ன, செட்டையோட?"

"முதலை, சேர்."

"நெருப்புக் கக்குது."

"வெளிநாட்டு முதலை, சேர்."

எங்கள் வாவியிலும் முதலை உண்டு. பெரியவர் அனுமதி தந்தார். மாதாந்த அறிக்கையில் 'பயிற்சி தொடர்கிறது' என்ற வரியை நான்தான் எழுதினேன். மேலே ஒருவரும் என்ன பயிற்சி என்று கேட்கவில்லை.

அது விளையாட்டு என்று மிஸ்ஸுக்கு எப்போது விளங்கியதோ தெரியாது. விளங்கிய பிறகும் பயிற்சி என்றுதான் சொன்னார். விளங்காமல் இருந்தது நாங்கள்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

விளையாட்டு இவ்வளவுதான். மிஸ் நடுவர். நிலத்துக்குக் கீழே ஒரு பாதாளத்தை வரைந்து எங்களுக்குக் காட்டாமல் வைத்துக்கொள்வார். நாங்கள் ஆளுக்கொரு ஆளாகி அதற்குள் இறங்குவோம். மெர்சி மந்திரக்காரி, சீனியண்ணன் குள்ளன், நான் வாள்காரன். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வோம். என்ன நடந்தது என்று அவர் சொல்வார். எப்படியும் நடக்கலாம் என்கிற இடத்தில் மட்டும் கட்டை உருளும். அந்த இடம் வந்துவிட்டாலே நீங்கள் பிழை விட்டுவிட்டீர்கள் என்பது மிஸ்ஸின் கணக்கு. அவருக்குக் கட்டை அதிர்ஷ்டம் அல்ல. யோசிக்காதவனுக்கு விழுகிற அடி.

"கதவத் திறக்கிறன்" என்றேன், முதல் நாள்.

"சும்மா திறக்கிறீங்களா?"

"ஓம் மிஸ். கதவுதானே."

பேணி குலுங்கியது. கட்டை மேசையில் எல்லோரும் பார்க்க விழுந்தது. மறைத்து உருட்டுவது அவரிடம் இல்லை.

"தம்பி, நீங்க செத்திட்டீங்க."

"ஒரு கதவுக்கா?"

"இந்த ஊரில இரிந்துகொண்டு, காதுகூடக் குடுக்காமக் கதவத் திறந்தீங்களே. வீட்டயும் அப்பிடித்தானா?"

மெர்சி சாகவே மாட்டாள். நிலத்தைக் கம்பால் தட்டாமல் காலெடுத்து வைக்கமாட்டாள். எதிரே குட்டிப் பேய்கள் கூட்டமாக வந்தால், நான் வாளைத் தேடுகிற நேரத்தில் அவள், "முதல்ல என்ன வேணுமெண்டு கேக்கிறன், மிஸ்" என்பாள். அந்தப் பழைய புத்தகத்தில் எதிரே வருகிறவன் எதிரி என்று எழுதியிருக்கவில்லை. அவனுடைய மனம் எப்படியிருக்கிறது என்று பார்க்க ஒருதரம் உருட்டவேண்டும். சிரிக்கவும் கூடும். ஒருமுறை பேய்களுக்கு உப்பு வேண்டியிருந்தது. மெர்சி கொடுத்தாள், அவை வழி காட்டின. துரத்தி வந்தால் சாப்பாட்டை எறிந்துவிட்டு ஓடலாம் என்றும் சட்டம் இருந்தது. கொன்றதற்குக் கிடைத்தது சொற்பம். உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த சாமானுக்குத்தான் மதிப்பெண்.

செத்தால் நம் சாமான் யாருக்கு என்று முதலே சொல்லிவைக்கவேண்டும் என்றொரு சட்டம். அதில் ஒரு பின்னேரம் முழுவதும் போனது. பேய்கள் ஒரு கதவுக்குப் பின்னால் காத்துக்கொண்டே நின்றன.

"மகனுக்கு எண்டு எழுதவா?" என்றேன்.

சீனியண்ணன் கொதித்துப்போனார். "ஆம்புளட சாமான் எப்பிடிகா அவன்ட மகனுக்குப் போகும்? அவன்ட குடிக்கெல்லோ போகோணும். சகோதரிட புள்ளைக்கு!"

தாய்வழியாக வருகிற குடிதான் எங்கள் பக்கத்தில் ஆளைச் சொல்லும். வேதக்காரியான மெர்சியும் தலையாட்டினாள்: "எங்களுக்கும் குடி இரிக்கி, மிஸ்."

மிஸ் கண்ணாடியைத் துடைத்தார். "சரி. குள்ளனுக்கும் ஒரு தாய் இரிந்திருப்பாதானே."

அன்றிலிருந்து பாதாளத்தில் இறங்கிய எல்லோருக்கும் குடி கொடுக்கப்பட்டது. சீனியண்ணன் தன்னுடைய குள்ளர்கள் எல்லோரையும் மனைவியின் குடியில் சேர்த்தார். அப்படிச் சேர்த்தால் குள்ளன் அவருடைய மகளுக்குத் தாய்மாமன். மாமனின் சாமான் மருமகளுக்கு. ஒரே மகள் அவருக்கு. அந்தப் பிள்ளையை நினைக்காமல் அவரால் பிளாஸ்டிக் கட்டையைக்கூட உருட்ட முடியாது.

குடி வந்தால் சடங்கு வராமல் விடுமா? செத்தவனுக்கு எட்டாம் நாள் எட்டுச் செலவு. ஆளை இழந்தவர் வடையும் தயிரும் கொண்டுவரவேண்டும். சீனியண்ணன்தான் அடிக்கடி செத்தார். யோசி என்றால் அவருக்குத் தலையிடிக்கும். கட்டைப் பேணியைக் கண்டால் கை துடிக்கும். அவருடைய மனைவி பருப்பு ஊறப்போடும்போது கேட்பாவாம், "இந்த மாசமும் உங்கட கந்தோரில சாவா?"

பிறகு சண்டை நிறுத்தம் வந்தது. பாதை திறந்தது. குளங்களைப் பார்க்க மட்டும் யாரும் போகவில்லை, பழக்கம் விட்டுப்போயிருந்தது. மிஸ்ஸின் அக்கா கனடாவிலிருந்து ஒரு கலியாணத்துக்கு வந்தா. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு மிஸ், அந்தப் பயிற்சிப் புத்தகத்தின் புதிய பதிப்பு என்று எழுதியிருந்தாராம். வந்தது அம்மிக் கல்லின் கனத்தில், பளபளவென்று. கூடவே ஓர் அட்டை மறைப்பு. நடுவர் அதற்குப் பின்னால் உருட்டி, கதைக்கு ஏற்றாற்போல் கொஞ்சம் மாற்றியும் சொல்லலாமாம். மிஸ் அதை வாசித்துவிட்டு, மறைப்பை எடுத்துத் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு மேல் இலையான் மொய்க்காமல் வைத்தார்.

ஆனால் புத்தகத்தை ஒதுக்கவில்லை. ஒழுங்காக விளையாடிப் பார்த்தோம். சீனியண்ணனுக்கு அது சொர்க்கம்.

"வாசலப் பாக்கிறன்."

"பாக்கிறதுக்கு உருட்டுங்க."

"காவல்காரனோட கதைக்கிறன்."

"உருட்டுங்க."

"என்ன கதைக்கிறன் எண்டு சொல்லத் தேவல்லையா?"

"தேவல்லயாம். உங்கட ஆளுக்குக் கதைக்கிற திறமை எட்டு எண்டு கிடக்கு. அது போதும்."

மனைவிக்கு முன்னால் வாய் திறக்காத மனிதர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அதைவிட ஒன்று: அவருடைய ஆள் விழுந்தான், சாகவில்லை. கொஞ்ச நேரம் கிடப்பான். கூட்டாளி யாரும் போய்க் கட்டுப்போட்டால் எழும்பலாம்.

"நல்ல புத்தகம் மிஸ்" என்றார்.

"ஓம். விழுந்தவனத் தூக்க நேரம் தாறாங்கள். அத நான் குறை சொல்லமாட்டன்."

மெர்சி பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "எங்கட பலத்துக்கு ஏத்த எதிரியத்தான் முன்னுக்கு விடோணும் எண்டு போட்டிரிக்கி. ஆரு அளந்து விடுற?"

"நடுவர்."

மெர்சி சன்னலுக்கு வெளியே, சந்தியில் மண்மூட்டைக்குப் பின்னால் நின்ற ஆமிக்காரனைப் பார்த்தாள். "வெளிய ஆரு அளக்கிற?" பிறகு இன்னொரு பக்கத்தில் விரலை வைத்தாள். "வீட்ட கொண்டுவந்த சாமானுக்கு மதிப்பெண் இல்லையா?"

"இல்ல."

"கொலைக்குத்தானா?"

"கொலைக்குத்தான்."

தேத்தண்ணி ஆறிப்போனது. மெர்சி புத்தகத்தை மெதுவாக மூடினாள். "அப்ப இது இஞ்ச வேணாம், மிஸ். வெளியில நடக்கிறதே போதும்."

பழையதுக்குத் திரும்பினோம். சீனியண்ணனின் வாய் திரும்பவில்லை. அவரிடம் காத்தமுத்து என்றொரு குள்ளன் இருந்தான். ஒரு மாரி முழுவதும் சாகாமல் காப்பாற்றி வைத்திருந்தவன். கையில் பத்தடிக் கம்பை வைத்துக்கொண்டு, "நிலத்தப் பாக்கிறதுக்கு உருட்டுறன்" என்றார். தட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். உருட்டினார். காத்தமுத்து குழிக்குள் போனான். குழியின் அடியில் பழைய பதிப்பு: அங்கே கட்டுப்போட்டு எழுப்ப முடியாது.

அந்தக் கிழமையே சீனியண்ணன் வேறு ஆளாக வந்தார். கதிரையில் இருக்காமல் கதவருகே நின்றார். சமாதானம் என்று சொன்ன அந்தக் காலத்திலும் படுவான்கரையில் இயக்கத்தார் வீட்டுக்கொரு பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் வீட்டில் ஒரே பிள்ளை.

"வந்து பாத்திட்டுப் போயிரிக்காங்கள், மிஸ். வெள்ளிக்கிழமைக்குப் புறகு கூட்டிக்கொண்டு போக வாறாங்களாம்."

அந்த வயதுப் பிள்ளைகளைக் காரணமில்லாமல் இந்தக் கரைக்கு விடமாட்டார்கள். காரணம் சொல்ல சீனியண்ணனுக்கு வராது. பொய் சொன்னால் விக்கல் எடுக்கும், பிறவியிலேயே. லீவு கேட்டுப் பெரியவரிடம் போய் விக்கிவிட்டுத் திரும்பி வருகிறவர்.

"பாதைய வரைங்க மிஸ்" என்றார். "என்ட வீட்டிலரிந்து இந்தக் கந்தோர் மட்டும். நானும் புள்ளையும் வாறம். தப்புறமா எண்டு பாப்பம்."

மிஸ் வரைந்தார். வளவு, வாய்க்கால் ஓரம், தோணித்துறையில் இயக்கம் மறிக்கிற இடம், தண்ணீர், இந்தப் பக்கத்து ஆமிச் சென்ரி. மெர்சி தட்டச்சை நிறுத்தினாள். மிஸ் தோணித்துறைப் பொடியனின் குரலில் கேட்டார்: "எங்க போறீங்க?"

"உருட்டுறன்."

"அண்ணன், அவனிட்டயும் உருட்டுறன் எண்டு சொல்லுவீங்களா?"

"ஆஸ்பத்திரிக்குப்... விக்!"

மெர்சி தண்ணீர் கொடுத்தாள். திரும்பவும் தோணித்துறை. "கோயிலுக்கு... விக்!" அன்றைக்குப் பின்னேரம் முழுவதும் அவர் செத்தார். கடைசியில் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். "புதுப் புத்தகத்த எடுங்க மிஸ். அதில எனக்குக் கதைக்கிற திறமை எட்டு."

"அந்த எட்ட, துறையில நிக்கிறவனுக்கு ஆரு சொல்லுற?"

சீனியண்ணன் அழுதார். மிஸ் கட்டைகளைப் பேணிக்குள் போட்டு, மூடி, மெர்சியின் மேசை லாச்சிக்குள் வைத்தார். "இனி இது இல்ல. உங்களுக்குப் பொய் வராது. அப்ப உண்மையில தேடுவம். இந்தக் கரையில உங்களுக்கு என்ன இரிக்கி?"

"ஒண்டுமில்ல மிஸ். ஒரு சொந்தமும் இல்ல. காத்தமுத்துட எட்டு மட்டுந்தான். வியாழக்கிழம. தயிருக்குக்கூடச் சொல்லி வச்சிட்டன்."

சொல்லிவிட்டு விக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் அதைக் கவனித்தோம். மிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆரு செத்த?" தோணித்துறைப் பொடியனின் குரல்.

"காத்தமுத்து."

"புள்ளைக்கு என்ன முறை?"

"தாய்மாமன்." நெஞ்சை நிமிர்த்தினார். "அவங்கட குடிதான். இவள்தான் உரிமைக்காரி. மருமகள் போகாம மாமனுக்கு எட்டா?"

விக்கல் இல்லை.

வியாழக்கிழமை நடந்ததை அவர் வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். துறையில் துவக்கோடு நின்ற பொடியன், எப்படிச் செத்தார் என்று கேட்டானாம். குழிக்குள் விழுந்து என்றதும் சீனியண்ணனுக்கு அந்த மாரி முழுவதும் நினைவுக்கு வந்து, அடக்க முடியாமல் குழறிவிட்டாராம்.

"கவனமா இரிந்திருக்கலாமே, ஐயா" என்றானாம் பொடியன்.

"கையில கம்பு இரிந்த, மனே! கம்பு இரிந்த! நான்தான் தட்டிப் பாக்காம விட்ட!"

பொடியனுக்கு அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை. தயிர் முட்டிகளைத் தோணியில் ஏற்ற அவனே கை கொடுத்தான். சீனியண்ணன் ஒரு முட்டியை அவனிடம் விட்டுவிட்டு வந்தார். சாப்பாட்டை எறிந்துவிட்டு ஓடலாம் என்று சட்டம் இருக்கிறதே. இந்தப் பக்கத்துச் சென்ரியிலும் ஒரு முட்டி இறங்கியது. கந்தோருக்கு வந்து சேர்ந்தது ஒரு முட்டியும் ஒரு பிள்ளையும்.

எட்டு எட்டாகவே நடந்தது. மெர்சி மேசைக்கு வெள்ளை விரித்தாள். காத்தமுத்துவின் படத்தை மிஸ் வரைந்து வைத்திருந்தார்: முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேற்தோற்றம், கீழே அளவுத்திட்டம். பெரியவர் எட்டிப் பார்த்து, யார் என்று கேட்காமல் ஒரு வடையை எடுத்துக்கொண்டு போனார். பிள்ளை படத்தை உற்றுப் பார்த்தாள்.

"மாமா கட்டை போல?"

"கட்டைதான்" என்றார் மிஸ். "ஆனா நல்ல மனிசன். உனக்கு எழுதி வச்சது: கயிறு, விளக்கெண்ணெய், பத்தடிக் கம்பு."

"இத வச்சு நான் என்ன செய்யிற மாமி?"

"போகப் போகத் தெரியும்."

மறுநாள் காலை மிஸ் கொழும்பு பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். கொழும்பில் அக்கா தங்கியிருந்த வீடு வரை, பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு அவர் திரும்பி வரவில்லை. கந்தோரில் அவருடைய கதிரை வரைபலகையைப் பார்த்தபடியே இருந்தது.

பஸ் நிலையத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். பிள்ளை சன்னலோரம். மிஸ்ஸின் மடியில் பை, பைக்குள் லாச்சியிலிருந்து எடுத்துவந்த தகரப் பேணி. சாரதி ஏறியதும் சீனியண்ணன் சன்னல் கம்பியைப் பிடித்தார்.

"மிஸ், ஒரேயொருக்கா. போய்ச் சேருவீங்களா எண்டு ஒருக்கா உருட்டிப் பாக்கட்டா?"

மிஸ் பேணியை வெளியே எடுத்தார். கொடுக்கவில்லை. "நீங்க இப்ப என்ன செய்யப் போறீங்க, அண்ணன்? அதச் சொல்லுங்க."

சீனியண்ணன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியில் நரம்பு தெரிந்தது. "மறுகா ஆத்தக் கடந்து வீட்ட போறன். மாடு கட்டோட நிக்கிது. அவிழ்த்துத் தண்ணி காட்டப் போறன்."

"துறையில மறிச்சு, மகள் எங்க எண்டு கேட்டா?"

"மாமன்ட முப்பத்தொண்டாம் நாள் சடங்கும் முடிச்சுப்போட்டு வருவாள் எண்டு சொல்லுவன்."

விக்கலுக்காகக் காத்திருந்தோம். பிள்ளைகூடத் தகப்பனின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் இரைந்தது, உதறியது, நகரத் தொடங்கியது. விக்கல் வரவில்லை.

மிஸ் பேணியைப் பைக்குள் திரும்ப வைத்தார். "அப்ப அதுக்கு உருட்டத் தேவல்ல, அண்ணன்."